'வல்டாவா'வில் எனக்கு ஆறு கேட்கவில்லையே, என் காதில் கோளாறா?

அம்மாபேட்டைப் பக்கம் காவிரிக்கரையில் பிறந்து வளர்ந்தவர் நீங்கள். செக் நாட்டு ஸ்மெடனா ஓர் ஆற்றின் பெயரில் எழுதிய 'வல்டாவா' என்ற வாத்திய இசையைச் சில தடவை கேட்டுவிட்டு, "எல்லோரும் ஆறு ஓடுவது அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது என்கிறார்கள், எனக்கு இனிமையான வயலின் சத்தம்தான் கேட்கிறது, ஆறு கேட்கவில்லை, என் காதில் கோளாறா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நம் சங்கீதத்தில் காவிரிக்கு இப்படி ஓர் உருப்படி உண்டா, இருந்தால் அதில் நம் பக்கத்துக் காவிரி இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் காதில் ஒரு கோளாறும் இல்லைங்க. மற்றவர்களும் பொய் சொல்லவில்லை. ஆறு அந்தச் சுரங்களுக்குள்ளேயே இருக்கிறதா, இல்லை தலைப்பைப் படித்த பிறகு நம் மனசுக்குள் வருகிறதா என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி. அதற்கே முதலில் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் கர்நாடக முறையில் வயலின் கற்று, பிறகு கோவையில் மேற்கத்திய முறையும் படித்து, பல வருஷங்களாக இரண்டையும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வாசிக்கிறவன் என்ற முறையில் இந்த இசையின் உள்கட்டு எனக்குத் தெரியும். செக் மொழி தெரியாது, வல்டாவா நதியை நேரில் பார்த்ததும் இல்லை. அதனால் நதியைப் பற்றிச் சொல்வது படித்தது, இசையைப் பற்றிச் சொல்வது விரலாலும் காதாலும் அறிந்தது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்ரிக் ஸ்மெடனா 1824-ல் பிறந்து 1884-ல் மறைந்த செக் நாட்டு இசையமைப்பாளர். தன் நாட்டைப் பற்றி ஆறு தனித்தனி வாத்தியக்குழுப் படைப்புகளை எழுதி ஒரே மாலையாகக் கோத்தார். 'என் தாய்நாடு' என்று பொருள்படும் அந்தத் தொகுப்பில் இரண்டாவது 'வல்டாவா'. 1874 நவம்பர் 20-ல் தொடங்கி டிசம்பர் 8-ல் முடித்தார். 1875 ஏப்ரல் 4-ல் பிராக் நகரில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. வாசிக்க ஏறக்குறைய 12 நிமிடம். வல்டாவா என்பது சுமார் 430 கிலோமீட்டர் ஓடும், அந்த நாட்டின் மிக நீளமான ஆறு. நம் காவிரி சுமார் 800 கிலோமீட்டர் என்பதால், ஏறக்குறையப் பாதி. 'குளிர்ந்த வல்டாவா', 'வெதுவெதுப்பான வல்டாவா' என்று இரண்டு ஓடைகளாகப் பிறந்து ஒன்றாகிறது. காட்டையும் வயலையும் தாண்டி, பிராக் நகரின் நடுவே போய், மியெல்னிக் என்ற ஊரில் எல்பே நதியில் கலக்கிறது. இந்தப் பயணத்தைத்தான் இசையில் எழுதியிருப்பதாக ஸ்மெடனாவே குறிப்பு எழுதியிருக்கிறார். ஆக, ஆற்றை மனதில் வைத்து எழுதினாரா என்பதில் சந்தேகம் இல்லை. அது கேட்பவர் காதில் வந்து சேர்கிறதா என்பதில்தான் சந்தேகம்.

இசைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தொடக்கத்தில் ஒரே ஒரு புல்லாங்குழல் வேகமான சிறு சுரங்களால் ஓடத் தொடங்குகிறது, இரண்டாவது புல்லாங்குழல் அதோடு மாறி மாறிச் சேர்கிறது. வயலின்காரர்கள் வில்லை விட்டுவிட்டு விரலால் தந்தியைச் சுண்டுகிறார்கள். அந்த ஒற்றைச் சொட்டுகள் ஓட்டத்தின் மேல் அங்கங்கே விழுகின்றன. கொஞ்ச நேரத்தில் கிளாரினெட்டுகள் எதிர்த்திசையில் கிளம்புகின்றன. அது இரண்டாவது ஓடை. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் ஓட்டம் முழுவதும் தந்தி வாத்தியங்களுக்குப் போய்விடுகிறது. அதன் மேல்தான் நீங்கள் 'இனிமையான வயலின்' என்று சொல்லும் அந்த மெட்டு, முதல் வயலின்களிலும் ஓபோ என்ற ஊதுகருவிகளிலும் வருகிறது. கீழ்ப் பஞ்சமத்திலிருந்து ஸட்ஜத்துக்கு எழும்பி, ரிஷபம், காந்தாரம், மத்யமம் என்று படியேறிப் பஞ்சமத்தில் நின்று, தைவதத்தைத் தொட்டுவிட்டு, வந்த படியிலேயே இறங்குகிறது. முதல் வரியை மட்டும் பாடினால் நடபைரவி ராகத்தின் சாயல் தெரியும். சரளி வரிசை கற்ற குழந்தைகூட இரண்டு தடவை கேட்டால் பாடிவிடும்.

பிறகு ஹார்ன்களும் டிரம்பெட்டுகளும் எழுகின்றன. கரையோரக் காட்டில் வேட்டை. தந்திகளில் ஓட்டம் நிற்காமல் அடியில் போய்க்கொண்டே இருக்கிறது. அடுத்து ஓட்டம் மெல்ல ஓய்ந்து, தாளம் இரண்டு இரண்டாகத் துள்ளும் போல்கா நடனம் வருகிறது. கரையில் ஒரு கிராமத்துக் கல்யாணம். அது தேய்ந்து மறைந்ததும் இரவு. சத்தத்தை மட்டுப்படுத்தும் மியூட் மாட்டிய வயலின்கள் மேல் ஸ்தாயியில் நீண்ட சுரங்களைப் பிடித்திருக்க, குழல்களும் கிளாரினெட்டுகளும் மறுபடி அலை அலையாக ஓடுகின்றன. நிலவொளியில் நீர்க்கன்னியர் ஆடுவதாகக் குறிப்பு சொல்கிறது. முதல் மெட்டு திரும்பி வருகிறது, உடனே புனித யோவான் பாய்ச்சல் என்ற பாறைப் பகுதி. தாழ்ந்த தந்திகள் எழுந்து எழுந்து விழ, பித்தளை வாத்தியங்களும் சிம்பலும் மோதுகின்றன. அதைத் தாண்டியதும் மெட்டு விரிந்து, அதுவரை சாதாரண காந்தாரமாக இருந்தது அந்தர காந்தாரமாக மாறி வெளிச்சம் வருகிறது. ஆறு பிராக் வந்துவிட்டது. கரைப் பாறையில் நிற்கும் வைஷெராட் கோட்டைக்கு ஒரு கம்பீரமான வணக்கம். அதன் பின் சத்தம் குறைந்து குறைந்து தூரத்துக்குப் போய், கடைசியில் இரண்டு பலத்த வீச்சுகளோடு முடிகிறது.

இவ்வளவும் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது. குறிப்பு இல்லாமல் கேட்டால்? என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லாமல் முதல் பகுதியைப் போட்டுக்காட்டி, என்ன தோன்றுகிறது என்று கேட்பது என் வழக்கம். காற்று என்பார்கள். ரயில் ஜன்னல் என்பார்கள். பவானி, குமாரபாளையம் பக்கத்துப் பிள்ளைகள் "தறி ஓடுற மாதிரி இருக்குதுங்க சார்" என்று சொன்னதுண்டு. ஆறு என்று சொன்னவர்களும் உண்டு, ஆனால் பெரும்பாலோர் சொன்னதில்லை. மலை, வீடு, மரம் என்று நிற்கிற பொருள் எதையும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்பது முக்கியம். எல்லோரும் சொன்னது இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கிற ஏதோ ஒன்று. இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன், ஒரு வகுப்பறையின் அனுபவம். ஆனால் இதிலிருந்து எனக்குத் தோன்றுவது உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஓட்டம் சுரத்தில் இருக்கிறது, ஆறு என்ற பெயர் தலைப்பில் இருக்கிறது. இரண்டும் சேரும்போதுதான் வல்டாவா பிறக்கிறது. பெயரைச் சொன்ன பிறகு அதே பிள்ளைகளுக்கு ஆற்றைத் தவிர வேறு எதுவும் கேட்பதில்லை. தறி என்று சொன்ன பிள்ளைக்கும்தான்.

இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்த்தால், இந்த 12 நிமிடத்தில் எல்லாப் பகுதிகளும் ஒரே விதமாகப் பேசவில்லை. ஹார்ன் சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் வேட்டைக்காரர்கள் காட்டில் நிஜமாகவே ஊதியது ஹார்ன்தான். அதை இசையில் வைப்பது வேட்டையைப் படமாக வரைவது ஆகாது, வேட்டையில் இருந்த ஒரு சத்தத்தையே எடுத்து வந்து வைப்பது. போல்காவும் அப்படியே. செக் கிராமத்தில் கல்யாண ஆட்டம் என்றால் அந்தத் தாளம்தான் காதில் விழும். நம் ஊரில் நாலு காடு தள்ளி நிற்கிறவர்கூடக் கெட்டி மேளம் கேட்டதும் தாலி கட்டியாயிற்று என்று தெரிந்துகொள்வார். யாரும் விளக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அந்தச் சத்தத்தோடுதான் வளர்ந்திருக்கிறோம். போல்காவோடு வளராத உங்களுக்கும் எனக்கும் அது வெறும் துள்ளல். அங்கே கல்யாணத்தைக் கேட்க முடியாதது காதின் குறை ஆகாது. நீர்க்கன்னியர் பகுதியோ முழுக்க முழுக்கக் குறிப்பை நம்பியே நிற்கிறது. படிக்காமல் கேட்டால் அமைதி, இரவு என்ற அளவுக்குத் தோன்றலாம், கன்னியர் வர மாட்டார்கள். வைஷெராட் வணக்கத்துக்கு இன்னொரு சாவி வேண்டும். அந்த மெட்டு தொகுப்பின் முதல் படைப்பில் ஹார்ப்புகளில் வந்தது. 'வல்டாவா'வை மட்டும் தனியாகக் கேட்கிறவருக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. ஆகவே ஆறே கேட்கவில்லை என்று நீங்கள் சொன்னதைப் பகுதி பகுதியாகப் பிரித்தால், சில இடங்களில் யாருக்குமே குறிப்பில்லாமல் கேட்காது.

அந்த அழகான மெட்டைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. அது ஆற்றுக்காகப் பிறந்த மெட்டு அல்ல. 'லா மான்டோவானா' என்று அழைக்கப்படும், 1600 வாக்கில் வழங்கிய ஓர் இத்தாலிய மெட்டின் வம்சம் அது. பாடகர் ஜுசெப்பே சென்சியின் பெயரில் அது வழங்குகிறது. அந்த மெட்டு ஐரோப்பா முழுக்க நாடோடிப் பாட்டுகளில் திரிந்திருக்கிறது. இஸ்ரேல் நாட்டின் தேசிய கீதமும் இதே குடும்பம்தான், அது ருமேனிய மால்டாவியப் பக்கத்து நாட்டுப்பாடல் வழியாக வந்தது. இவ்வளவும் உறுதி. ஸ்மெடனாவின் கைக்கு இது எந்த வழியில் வந்தது என்பதில்தான் கருத்து வேறுபாடு. அவர் சில வருஷம் ஸ்வீடனில் யோட்டபோரி நகரில் வேலை பார்த்தவர், அங்கே இதே மெட்டில் ஒரு நாட்டுப்பாடல் உண்டு, அதிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள் சிலர். செக் குழந்தைகள் பாடும் பூனைப்பாட்டு ஒன்று இதே மெட்டின் மேஜர் வடிவம், அதாவது அந்தர காந்தாரத்தோடு வரும் வடிவம், அதுவே மூலம் என்கிறார்கள் வேறு சிலர். அவர் தெரிந்தே எடுத்தாரா, காதில் ஊறிக் கிடந்தது தானாக வந்ததா என்பதையும் யாராலும் தீர்த்துச் சொல்ல முடியாது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஓரிடத்தில் ஆறாகவும் ஓரிடத்தில் ஒரு தேசத்தின் ஏக்கமாகவும் ஓரிடத்தில் பூனையாகவும் இருக்க முடிகிற ஒரு மெட்டுக்குள் ஆறு தானாக ஒளிந்திருக்க முடியாது. ஸ்மெடனா அந்த மெட்டின் அடியில் நிற்காத ஓட்டம் ஒன்றை வைத்தார், அதனால்தான் அது ஆறாயிற்று. நீங்கள் மெட்டை மட்டும் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 'வயலின் சத்தம்தான் கேட்கிறது' என்று நீங்கள் எழுதியதிலிருந்து அப்படித் தோன்றுகிறது. மேலே போகும் மெட்டை விட்டுவிட்டு, அடியில் போவதைப் பிடித்துப் பாருங்கள்.

இரண்டு ஓடைகள் சேரும் அந்தத் தொடக்கம் எங்கே தோன்றியது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1867-ல் ஷுமாவா மலைக்காட்டுக்குப் போன ஸ்மெடனா, அங்கே ஒரு மர அறுவை ஆலைக்குப் பக்கத்தில் வித்ரா, க்ரெமெல்னா என்ற இரண்டு மலையாறுகள் கூடுமிடத்தில் உட்கார்ந்து நீரின் சத்தத்தைக் கேட்டு, மனதில் இந்த இசையின் கருவை வாங்கிக்கொண்டார் என்று கூடப் போனவரின் நினைவாகச் சொல்லப்படுகிறது. நினைவிலிருந்து சொன்னது என்பதால் முழுக்க நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். உண்மையாக இருந்தால் இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. அந்த இரண்டு ஆறுகளும் சேர்ந்து ஆவது வல்டாவா அல்ல, ஒட்டாவா என்னும் அதன் துணையாறு. ஓர் ஆற்றின் கூடுதுறையில் கேட்ட சத்தத்தை இன்னோர் ஆற்றின் பிறப்புக்குக் கொடுத்துவிட்டார் என்று ஆகும். பவானி கூடுதுறையில் நின்று கேட்டதைத் தலைக்காவிரிக்கு எழுதுவது மாதிரி. ஒரு கலைஞனுக்கு அதில் தவறு ஒன்றும் இல்லை.

இதைவிட என்னை உலுக்குவது அடுத்த விஷயம். 1874 அக்டோபர் வாக்கில் ஸ்மெடனாவுக்கு இரண்டு காதுகளும் முழுக்கப் போய்விட்டன. நவம்பரில் 'வல்டாவா'வைத் தொடங்கினார். அதாவது, நாம் கேட்கும் இந்த ஆற்றை அவர் ஒரு முறைகூடக் காதால் கேட்டதில்லை. வாத்தியக்குழு வாசிக்கும்போது பார்த்திருப்பார், அவ்வளவுதான். இதை வைத்து, காது போன துக்கத்தைத்தான் ஆறாக ஓடவிட்டார் என்று உருக்கமாக எழுதுகிறவர்கள் உண்டு. அது எனக்கு ஒப்பவில்லை. இந்தத் தொகுப்பின் எண்ணம் காது போவதற்கு முன்பே அவரிடம் இருந்தது. துக்கத்தை இசையில் சொல்ல நினைத்தபோது அவர் வெளிப்படையாகவே சொன்னார். 1876-ல் எழுதிய 'என் வாழ்விலிருந்து' என்ற நால்வர் தந்தி இசையின் கடைசிப் பகுதியில், முதல் வயலின் மிக உயரத்தில் ஒரே சுரத்தை ஊசி போல நீட்டிப் பிடிக்கும். காதில் இரைந்த சத்தம் அது என்று அவரே எழுதியிருக்கிறார். 'வல்டாவா'வில் அப்படி ஒரு கீறலும் இல்லை. காட்சிகளின் வரிசையும் நீரின் கனம் கூடிக் குறைவதும் அவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு, அவர் முழுக்க நினைவிலிருந்து எழுதியது ஒரு காரணமாக இருக்கலாம். இது என் ஊகம்தான், நிரூபிக்க முடியாது.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கு இன்னொரு பதில் அங்கேயும் இருக்கிறது என்று நினைக்கிறேன். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள். அம்மாபேட்டையில் வளர்ந்தவருக்கு ஆறு என்றால் பெரும்பாலும் கரை முட்ட, சத்தமே இல்லாமல், ஏரி மாதிரி விரிந்து கிடக்கும் தண்ணீர்தான். நெரிஞ்சிப்பேட்டையிலிருந்து பூலாம்பட்டிக்குப் படகில் போகும்போது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே சட்டென்று தெரியாது. சலசலப்பும் பாய்ச்சலும் ஆறு என்று நம்பி எழுதிய ஓர் இசையை, அப்படித் தேங்கி நிற்கும் ஆற்றோடு வளர்ந்தவர் கேட்டால் 'இது என் ஆறு இல்லையே' என்று தோன்றுவது இயல்பு. உங்கள் காது பழகிய ஆறு வேறு.

அந்த நாட்டிலும் இதே கதைதான் நடந்தது. ஸ்மெடனா சிம்பலும் பித்தளையும் வைத்து எழுதினாரே, புனித யோவான் பாய்ச்சல், அது இன்று இல்லை. ஸ்டெஹோவிட்ஸே என்ற இடத்தில் 1938-ல் கட்டத் தொடங்கி 1940-களில் முடிந்த அணையின் தேக்கத்துக்குள் அந்தப் பாறைகள் முழுகிவிட்டன. லிப்னோ, ஒர்லிக், ஸ்லாப்பி என்று அந்த ஆற்றில் அடுக்கடுக்காக அணைகள். பிராக் நகரத்து இளைஞர் ஒருவர் இன்று அந்தப் பாய்ச்சலைக் கேட்க வேண்டுமானால் இசை அரங்குக்குத்தான் போக வேண்டும். நமக்கும் அது தெரியாததா? 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த மேட்டூர் அணைக்குள் எத்தனை ஊர்கள் போயின. நீர்மட்டம் 120 அடியிலிருந்து இறங்க இறங்கப் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவக் கோயிலின் இரட்டைக் கோபுரமும் வெளியே தெரியும், ஊரே போய்ப் பார்த்துவிட்டு வரும். முழுகிய ஊர்களின் பக்கம் காவிரி எப்படிச் சத்தம் போட்டது என்பதை யாராவது சுரத்தில் எழுதி வைத்திருந்தால் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

நம் சங்கீதத்தில் காவிரிக்கு உருப்படி உண்டா என்ற கேள்விக்கு, உண்டு, அதுவும் முதல் தரமானது. தியாகராஜரின் 'ஸாரி வெடலின ஈ காவேரினி ஜூடரே'. அசாவேரி ராகம், ஆதி தாளம், தெலுங்கு சாகித்தியம். புறப்பட்டுப் போகும் இந்தக் காவிரியைப் பாருங்கள் என்று பல்லவி. வேண்டியவர் வேண்டாதவர் என்று பாராமல் எல்லோருக்கும் விரும்பியதைக் கொடுத்துக்கொண்டே போகிறாள் என்று அனுபல்லவி. முதல் சரணம்தான் உங்களுக்கானது. தூரத்தில் ஓரிடத்தில் கர்ஜனை, ஓரிடத்தில் அச்சம், ஓரிடத்தில் நிறைந்த கருணையோடு இடைவிடாத நடை என்று அந்தப் பெண் போகும் விதத்தைச் சொல்கிறது. அடுத்த சரணத்தில் குயில்கள் கூவ, ரங்கநாதரை வணங்கிவிட்டு, ஐந்து நதிகளின் நாதனான திருவையாற்று இறைவனைப் பார்க்கப் போகிறாள். கடைசிச் சரணத்தில் இரு கரையிலும் அந்தணர்கள் ராஜராஜேஸ்வரி என்று போற்றி ஜாதிமல்லிப் பூவால் பூசிக்கிறார்கள். ஸ்மெடனா பிறப்பதற்கு முன்பே நடுவயதைத் தாண்டிவிட்டவர் தியாகராஜர். இருவருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. ஆனாலும் இருவரும் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள்: ஆற்றை இடம் இடமாக நடத்தி, பயங்கரத்தையும் சாந்தத்தையும் காட்டி, கடைசியில் தாம் வாழ்ந்த ஊருக்குக் கொண்டுவந்து வணங்க வைத்திருக்கிறார்கள். அங்கே வைஷெராட், இங்கே திருவையாறு.

செய்த விதம்தான் வேறு. மேற்கத்திய வாத்தியக்குழுவில் ஒரே நேரத்தில் அடியில் ஓட்டம், மேலே மெட்டு என்று இரண்டையும் வைக்க முடியும். அதனால் ஸ்மெடனாவுக்கு வார்த்தை தேவைப்படவில்லை, தலைப்பு போதுமானதாக இருந்தது. நம் சங்கீதம் ஒற்றை இழை. அடியில் தனியாக ஓர் ஆற்றை ஓடவிட அதில் இடம் இல்லை. அதனால் நிலக்காட்சி முழுவதும் சாகித்தியத்தில் வருகிறது, ராகம் அந்த ஆற்றைப் பார்க்கிற மனசைக் கொடுக்கிறது. அசாவேரி ஏறும்போது காந்தாரத்தையும் நிஷாதத்தையும் விட்டுவிட்டு ஏறும், இறங்கும்போது நேரே இறங்காமல் வளைந்து திரும்பித் திரும்பி வரும். இதைக் காட்டி, 'பாருங்கள், ஆறு வளைந்து போவதைத் தியாகராஜர் ராகத்திலேயே வைத்துவிட்டார்' என்று சிலர் சொல்வார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முத்துசுவாமி தீட்சிதர் சந்திரனைப் பாடிய 'சந்த்ரம் பஜ மானஸ'வும் அசாவேரிதான். தியாகராஜரே ராமனிடம் உருகுவதற்கும் இதே ராகத்தை எடுத்திருக்கிறார். பல்லவியில் சங்கதிகள், அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகுவதை வெள்ளம் பெருகுவதாகச் சொல்வதும் இப்படித்தான், சங்கதி அவருடைய எத்தனையோ கீர்த்தனைகளில் உண்டு. ராகத்துக்குள் ஆறு இல்லை. அசாவேரியில் இருப்பது ஒரு நெகிழ்வு, கொஞ்சம் கலங்கிய அன்பு. அந்த மனசோடு கரையில் நிற்கிறவர் கண்ணுக்குக் காவிரி எப்படித் தெரியுமோ அப்படித் தெரிகிறது. இது என் தீர்ப்பு, வேறு மாதிரி நினைக்கும் பெரிய வித்வான்கள் இருக்கலாம்.

நம் பக்கத்துக் காவிரி அதில் இருக்கிறதா? பெயர் சொல்லி இல்லை. பாட்டில் அடையாளம் தெரிகிற இடங்கள் ஸ்ரீரங்கமும் திருவையாறும், இரண்டும் கொங்கு நாட்டைத் தாண்டிக் கீழே இருப்பவை. தூரத்துக் கர்ஜனையை ஒகேனக்கல் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கும், பாட்டில் அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அவர் பார்த்தது மேட்டூர் அணை இல்லாத காவிரி என்பது நிச்சயம். அவர் 1847-லேயே மறைந்துவிட்டார். குடகு மலையில் பெய்த மழை, பவானியிலும் நொய்யலிலும் அமராவதியிலும் வந்த தண்ணீர் எல்லாம் பெரிய நீர்த்தேக்கம் எதிலும் தங்காமல் அவர் வாசலுக்குப் போன காலம் அது. 'இடைவிடாத நடை' என்ற சொல்லை இன்று ஜூன் 12-ம் தேதி ஷட்டர் திறப்பை எதிர்பார்த்து நிற்கும் ஒரு டெல்டா விவசாயி பாடினால் அது வேறு பாட்டாகத்தான் கேட்கும்.

கொங்கு நாட்டுக் காவிரியைப் பெயர் சொல்லிப் பண்ணில் வைத்த ஒன்று வேண்டுமானால் கொடுமுடிக்குப் போங்கள். தெற்கே வரும் காவிரி கிழக்கே திரும்புகிற ஊர். சுந்தரர் பாண்டிக் கொடுமுடிப் பதிகத்தில், நினைவு அழியும் நாளையும் உயிர் போகும் நாளையும் பாடை ஏறும் நாளையும் சொல்லிக்கொண்டே வரும்போது, நடுவில் 'கிளர்புனற் காவிரிப் பாவு தண்புனல் வந்திழி' என்று ஆறு வந்து பாய்கிறது. பண் பழம்பஞ்சுரம், இன்று சங்கராபரணத்தில் பாடுகிறார்கள். ஓதுவார் பாடும்போது அந்த ஒரு வரியில் குரல் சாவிலிருந்து தண்ணீருக்குத் திரும்பும். அந்தப் பாடலில் விவரமான வர்ணனை இல்லை, ஆற்றுக்கு ஓர் அடிதான். எனக்கு அது போதும்.

எப்படிக் கேட்பது என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். போன் ஸ்பீக்கரில் 'வல்டாவா'வைக் கேட்காதீர்கள். அடியில் ஓடும் தந்திகள் அதில் வரவே வராது, மெட்டு மட்டும்தான் மிஞ்சும், உங்களுக்கு நடந்தது அதுவாகக்கூட இருக்கலாம். நல்ல ஹெட்போனில், முதல் தடவை மெட்டைக் கவனிக்காமல், புல்லாங்குழலில் தொடங்கும் அந்தச் சிறு சுர ஓட்டம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதை மட்டும் பின்தொடருங்கள். கல்யாணப் பகுதியில் அது காணாமல் போவதையும், நிலவுப் பகுதியில் குழல்களில் திரும்பி வருவதையும் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பதிவு என்று கேட்டால், ரஃபேல் குபெலிக் செக் பில்ஹார்மானிக் குழுவை நடத்திய 1990 மே மாதத்துப் பிராக் கச்சேரியைச் சொல்வேன். ஆட்சி மாற்றத்தில் நாட்டை விட்டுப் போனவர், நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்து நடத்தியது. ஸ்மெடனாவின் நினைவு நாளான மே 12-ல் இந்தத் தொகுப்போடு இசை விழாவைத் தொடங்குவது அங்கே வழக்கம். வைஷெராட் என்ற முதல் படைப்பிலிருந்தே கேளுங்கள், அப்போதுதான் கடைசி வணக்கம் யாருக்கு என்று புரியும். 'ஸாரி வெடலின'வுக்கு மூன்று சரணங்களையும் விடாமல் பாடும் பதிவாகத் தேடி எடுங்கள். பல கச்சேரிகளில் ஒரு சரணத்தோடு நிறுத்திவிடுவார்கள், அப்படி நிறுத்தினால் காவிரி ஊர் வந்து சேராது.